மருதமரப் பொந்தில் ஒரு பிராது

மருத மரத்துப் பொந்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் கொளஞ்சியம்மாள். இது ஐந்தாவது தடவை. கையில் அகப்பட்டது போன தடவை அகப்பட்டதேதான்: ஈர இலைமக்கு, இரண்டு மரவட்டை, யாரோ செருகிவிட்டுப் போன பீடித் துண்டு. பெட்டி இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். பின்னால் கட்டாமல் விட்ட பரிசல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்புச் செருகலில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும், தண்ணீர் படாமல் ஒரு மாத்திரை உறைக்குள் மடித்து வைத்த தாளும் இருந்தன. வந்த காரியத்துக்கு வேண்டியதெல்லாம் தயார். வாங்கிக்கொள்ள வேண்டியவர்தான் இல்லை. ஒரு சாமி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறிப் போகுமா என்று அவளுக்குப் புரியவில்லை.

இன்றைக்கு எண்பத்தெட்டாம் நாள். தொண்ணூறில் கெடு முடிகிறது. அதற்குள் தான் கொடுத்த பிராதைத் தானே வாபஸ் வாங்காவிட்டால் தீர்ப்பு தீர்ப்புதான். தம்பி வெங்கடேசனின் வலது கை இனி எழும்பாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமாகவும் அது இல்லை.

பெட்டி அவள் கண்ணில் முதலில் பட்டது புரட்டாசி மழையில். கோமுகி அணை நிரம்பியிருக்கும் மாதங்களில், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு அணையைத் தொடுகிற இடத்தில் ஓட்டத்தை விட்டுவிட்டு அப்படியே நின்றுபோகும். இரண்டு கரையிலும் மருதும் புங்கும் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கும். வலை எடுக்க வந்தவள் மழை வலுத்ததும் முனியப்பன் மரத்தடியில் ஒதுங்கினாள். முனியப்பன் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சுண்ணாம்பு அடித்த மூன்று கல், துருப்பிடித்த ஒரு வேல். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது சேவல் அறுத்தால் உண்டு. அவர் தலைக்கு மேலே இருந்த பொந்தில்தான் அந்தப் பெட்டி இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோறு கொண்டுபோகிற மாதிரி, நான்கு பக்கமும் நீலத் தாழ்ப்பாள் போட்ட பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, கோலிக்குண்டு, விரல் உயர பிளாஸ்டிக் யானை, வெளிநாட்டுக் காசு ஒன்று.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த சங்கதி. களவு போனது, பங்காளி வரப்பை நகர்த்தியது, மருமகன் கைவிட்டது, போலீஸ் ஸ்டேஷனில் தீராதது எதுவானாலும் வெள்ளைத்தாளில் மனுவாக எழுதி, சாமி முன் வைத்து, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு. தீர்ந்ததும் எழுதியவரே நேரில் போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்க மறந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அந்தச் சாமியின் பெயரையே சுமந்துகொண்டிருப்பவளுக்கு, வேலும் நோட்டும் பேனாவும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? விருத்தாசலம் வரை பஸ் ஏற முடியாதவர்களுக்காக இங்கே ஒரு கிளை திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பேங்குக்குக் கிளை இருக்கும்போது சாமிக்கு இருக்கக் கூடாதா? நோட்டில் பக்கம் பக்கமாகப் பெயர், ஊர், தேதி. சென்னை, புதுச்சேரி, பெங்களூர். புகாரை மட்டும் யாரும் எழுதவில்லை. படித்தவர்கள் புகாரை மனசுக்குள் சொல்லிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுவார்களாக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

ஐப்பசியில் அவள் வலை கிழிந்தது. சாயங்காலம் விட்ட வலையை விடியற்காலையில் எடுத்தபோது நடுவில் ஆள் நுழையலாம் போல ஓட்டை. ஒட்டுப்போட்டு மறுபடி விட்டாள். மறுபடி ஓட்டை. மூன்றாவது தடவை மீனும் இல்லை, வலையில் பாதியும் இல்லை. அப்போதுதான் அவளும் வெங்கடேசனும் தொழிலைப் பிரித்துக்கொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கணவன் ராஜாங்கம் போனபின் அவளைப் பரிசலில் உட்காரவைத்துத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் வெங்கடேசன்தான். ஒன்பது வருஷம் ஒரே பரிசலில் இரண்டு பேரும் வலை விட்டார்கள். பிறகு அவன் ஆற்றுக்குள் மேலே போய்த் தனியாக வலை விட்டுப் பார்க்கிறேன் என்றான். இவள் அணையை விட்டு வரமாட்டேன் என்றாள். பேச்சு தடித்து, அவன் தனக்கென்று ஒரு பரிசல் முடைந்துகொண்டு போய்விட்டான். போனதற்கு அடுத்த மாதமே வலை கிழிந்தால் யாரைச் சந்தேகப்படுவது? நேரே அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள்.

"உன் வலைய அறுத்து நான் இன்னாக்கா பண்ணப் போறேன்? என் வலையுந்தான் கிழிஞ்சிக் கெடக்குது," என்றான் அவன்.

திருடனும் இதைத்தானே சொல்வான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கே முனியப்பன் மரத்துக்குப் பரிசலைத் திருப்பினாள். நோட்டை விரித்து, ராஜாங்கத்துக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க அலைந்தபோது கற்றுக்கொண்ட மனு பாஷையில் எழுதினாள். முனியப்ப சாமி சமூகத்துக்கு, மறைந்த ராஜாங்கம் மனைவி கொளஞ்சியம்மாள் எழுதிக்கொண்ட பிராது. என் வலையை மூன்று முறை அறுத்தது என் கூடப்பிறந்த தம்பி வெங்கடேசன்தான். வேறு ஆள் இல்லை. அறுத்த கை விளங்காமல் போக வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரித்துத் தீர்ப்பு சொல்லவும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அவள் எழுத்துக்குக் கீழே யாரோ தேதி போட்டு, நன்றி என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார்கள். பிராது பெற்றுக்கொள்ளப்பட்டது என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறுபத்தாறாம் நாள், பொங்கல் முடிந்த வாரத்தில், கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வெங்கடேசன் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் நிமிரவில்லை. வலது கை, வலது கால். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான். பிரஷர் மாத்திரையை ஆறு மாதமாகத் தொடவில்லை என்று அவன் மனைவி பெரியநாயகி ஒவ்வொருவரிடமும் அழுதாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். உப்பு, பீடி, மாத்திரை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்ல, கொளஞ்சியம்மாள் மட்டும் கட்டிலோரத்தில் வாய் திறக்காமல் நின்றாள். வெள்ளைத் துணி மேல் அவன் கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. "பிடிங்க அண்ணி, தேச்சி விட்டுக்கினே இருக்கணுமாம்," என்று பெரியநாயகி அந்தக் கையை எடுத்து இவள் கையில் வைத்தாள். தனக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை அது. அந்தக் கணத்தில் செத்துப்போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாளே வாபஸ் வாங்க வந்தாள். பெட்டி இல்லை. அதன் பிறகு இன்றோடு ஐந்து நடை.

பொந்திலிருந்து கையை உருவிக்கொண்டு அவள் திரும்பியபோது ஆற்று வளைவில் ஒரு மஞ்சள் படகு வந்துகொண்டிருந்தது. காற்றடித்து உப்பவைக்கிற கனோ படகு. நீளமாக, ஒல்லியாக, முன்னும் பின்னும் கூராக இருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன், குறுந்தாடி, தலையில் துண்டு, இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பைச் சத்தமில்லாமல் போட்டபடி, மடியில் இருந்த கைபேசியைப் பார்த்துப் பார்த்து வந்தான். அவனை இதற்கு முன்னும் இரண்டொரு வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறாள். சர்வே ஆபீஸ் ஆள் என்று நினைத்திருந்தாள். இன்று அவன் காலடியில் ஒன்று இருந்தது. நீலத் தாழ்ப்பாள் போட்ட பிளாஸ்டிக் பெட்டி.

பரிசலில் ஏறினாள். நான்கே துடுப்பில் அவன் முன்னால் போய் வழியை அடைத்தாள்.

"அந்தப் பொட்டி ஏது உனுக்கு?"

"என்னுதுதாங்கா."

"முனியப்பன் பொட்டி உன்னுதா?"

அவன் மரத்தைப் பார்த்தான், வேலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏதோ புரிந்த மாதிரி முகம் மாறியது. காலடியில் இருப்பது வேறு, புதுசு, இன்னொரு இடத்தில் வைக்கப்போவது என்றான். பிறகு படகை மரவேரில் பிடித்து நிறுத்திக்கொண்டு விளக்கத் தொடங்கினான். பெயர் சுஐப், சங்கராபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டிலோ ஆற்றோரத்திலோ ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை மட்டும் இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். இந்த ஆற்றில் படகு போட்டால்தான் எடுக்க முடியும் என்பதால் இதற்குக் கொஞ்சம் மவுசு ஜாஸ்தி. சாமி இருக்கிற மரத்தில் வைத்தால் யாரும் திருட மாட்டார்கள் என்றுதான் இந்தப் பொந்தைத் தேர்ந்தெடுத்தது.

"சரி. கண்டுபுடிக்கிறாங்க. கண்டுபுடிச்சி?"

"நோட்டுல பேர எழுதிட்டு, இருந்த எடத்துலயே வெச்சிட்டுப் போயிடுவாங்க."

"இன்னாத்துக்கு?"

சுஐப் சிரித்துவிட்டான். அவன் மனைவி ருக்ஷானாவும் வெள்ளிக்கிழமைதோறும் இதே கேள்வியைத்தான் கேட்பதாக அப்புறம் சொன்னான். 

கொளஞ்சியம்மாள் முனியப்பன் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டி சாமியுடையது இல்லை என்றால் அவள் எழுதியது எங்கேயும் போய்ச் சேரவில்லை. தம்பி கை விழுந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் இறங்கவில்லை. எழுதியது முனியப்பன் கல்லுக்கு நேர் எதிரே நின்றுதானே? கடுதாசி எந்தப் பெட்டியில் விழுந்தால் என்ன, அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? அப்படிப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வாங்காதவரிடம் போய் எதை வாபஸ் வாங்குவது? இந்தப் பக்கம் போனால் பயமாக இருந்தது, அந்தப் பக்கம் போனால் அதைவிடப் பயமாக இருந்தது.

"அதுல ஒண்ணு எழுதிட்டேன், பாய். அத்த நானே திரும்ப வாங்கணும். நாளான்னிக்குள்ள வாங்கணும்," என்றாள்.

"நீங்கதான் கொளஞ்சியம்மாளா?"

அவள் திடுக்கிட்டாள். அவன் படித்திருக்கிறான். அவன் மட்டுமா, சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவனெல்லாம் படித்திருப்பான். சொந்தத் தம்பி கை விளங்காமல் போகட்டும் என்று எழுதிய பொம்பளை இவள்தானா என்று ஆறு முழுக்கத் தெரிந்திருக்கிறது. அவமானத்தில் அவள் துடுப்பைத் தண்ணீரில் குத்த, பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி அவனுக்கு முதுகைக் காட்டி நின்றது. சுஐப் அவள் முதுகைப் பார்த்தே பேசினான். மார்கழியில் அந்தப் பக்கத்தைப் படித்ததாகவும், படித்ததும் பெட்டியை இங்கே வைப்பது சரியில்லை என்று பட்டதாகவும், ஆற்றுக்குள் மேலே பாறை இடுக்கில் மாற்றி வைத்துவிட்டதாகவும் சொன்னான். நோட்டு அப்படியே இருக்கிறது, ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை என்றான். இடுக்கை ஒட்டிப் பாறை ஜாஸ்தி, அங்கே மட்டும் பரிசல் நுழையாது. படகில் ஏறிக்கொள்ளுங்கள் என்றான். எதற்கோ வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். ஒரு எலாஸ்டிக் பட்டை போட்டிருந்தான்.

பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு அவன் படகின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உட்கார்ந்த படகு சுற்றாமல் நேராகப் போயிற்று. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பரிசல் என்றால் எந்தப் பக்கமும் முன்பக்கம்தான். இது முன்னே போக மட்டும் தெரிந்த படகு.

கொஞ்ச தூரம் போனதும் ஆறு குறுகி, மரங்கள் தலைக்கு மேலே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. துடுப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சாய்ந்த கிளையில் பாம்புத்தாரா ஒன்று ஈரச் சட்டை காயப்போடுகிற மாதிரி இறக்கையை விரித்து வைத்திருந்தது. படகு பத்தடி பக்கத்தில் கடந்தும் அது அசையவில்லை. மிதந்து கிடந்த கட்டையில் நான்கு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. மீன்கொத்தி தண்ணீரை உரசிக்கொண்டு முன்னால் போய் உட்கார்வதும், படகு கிட்டே வந்ததும் மறுபடி முன்னால் போவதுமாக வழிகாட்டியது. ஒன்பது வருஷமாக இந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறாள். இதையெல்லாம் பார்த்ததில்லை. வலையைப் பார்த்தவள் வேறொன்றையும் பார்த்ததில்லை என்று தோன்றியது. இப்படியொரு இடம் இருப்பது வெங்கடேசனுக்குத் தெரிந்திருக்கும். மேலே போகலாம் வாக்கா என்று அவன் கெஞ்சியது இதற்காகவும் இருந்திருக்கலாம்.

சுஐப் துடுப்பைத் தூக்கிவிட்டான். "பேசாதீங்க. அங்க பாருங்க," என்றான் மெல்ல.

மணல்திட்டுக்கு முன்னால் தண்ணீரில் ஐந்து தலைகள் தெரிந்தன. முதலில் நாய்க்குட்டிகள் நீந்துகின்றன என்று நினைத்தாள். ஒன்று திட்டில் ஏறியதும் நீண்ட பழுப்பு உடம்பும் தடித்த வாலும் தெரிந்தன. நீர்நாய். மலைக்கு மேலே ஓடைகளில் இருக்கும் என்று பேச்சு உண்டு. இறங்கி வந்து அவள் பார்த்ததில்லை. போன வருஷத்துப் பெருமழையில் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று சுஐப் கிசுகிசுத்தான். அவள் அதைக் கேட்கவில்லை. அவை எதை இழுக்கின்றன என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஒரு வலை கிடந்தது. வலையின் மேல் விளிம்பில் நீல நிறத்தில் வட்ட வட்டமாக மிதவைகள். வார் அறுந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி மிதவை கட்டுவது அந்த அணையில் ஒரே ஆள்தான். டீக்கடையில் கிளாஸ் நழுவிய நாளைக்கு முந்தின நாள் வெங்கடேசன் விட்டு வைத்த வலை. எடுக்க ஆள் இல்லாமல் மூன்று வாரமாகக் கிடக்கிறது.

அதில் சிக்கிய கெண்டையை ஒரு நீர்நாய் வலையோடு சேர்த்துக் கடித்து இழுத்தது. இன்னொன்று மறுபக்கம் இழுத்தது. நூல் அறுபடுகிற சத்தம் கூடக் கேட்டது. நடுவில் ஆள் நுழையலாம் போல ஓட்டை. அவள் வலையில் விழுந்ததும் இதே மாதிரி ஓட்டைதான். மீனைப் பிடுங்கிக்கொண்ட நீர்நாய் திட்டில் மல்லாந்து, குழந்தை ரொட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. ஐந்து விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தக் கைகள் நன்றாகவே விளங்கின.

என் வலையுந்தான் கிழிஞ்சிக் கெடக்குது என்று அவன் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மூன்று மாதம் கழித்து. அவன் வலையும் கிழிந்தது. அவன் அக்காவைச் சந்தேகப்படவில்லை. யார் பேரையும் எங்கேயும் எழுதவில்லை. மறுபடி ஒட்டுப்போட்டு, மறுபடி விட்டிருக்கிறான். அறுத்த கை விளங்காமல் போக வேண்டும் என்றுதான் அவள் கேட்டது. அறுத்த கை இதோ மீன் தின்கிறது. அப்படியானால் அவள் பிராது பலிக்கவே இல்லை. கை விழுந்தது மாத்திரை சாப்பிடாததால்தான். அந்த நீர்நாய் ஒரு மீனைத் தின்று முடிக்கிற நேரம் வரை இந்த ஆறுதல் அவளுக்கு நிலைத்தது. பிறகு அதுவும் போய்விட்டது. முனியப்பன் விசாரித்தாரோ இல்லையோ, அவள் விசாரிக்கவில்லை. ஒரே பரிசலில் ஒன்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவனை ஒரு நாள் கூட விசாரிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதுதான் மிச்சம் நின்றது.

நீர்நாய்கள் படகைக் கண்டுகொண்டு, தலையைத் தூக்கி ஒரு தடவை சீறிவிட்டு, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் மறைந்தன.

பாறை இடுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம். சுஐப் கையை விட்டுப் பெட்டியை எடுத்துத் தாழ்ப்பாளைத் திறந்து நோட்டை அவளிடம் கொடுத்தான். யானையும் கோலிக்குண்டும் அப்படியே இருந்தன. அவள் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை; அடிக்கடி திறக்கப்பட்ட பக்கமாக அது தானே விரிந்தது. அவள் எழுத்து, அதற்குக் கீழே சிரித்த முகம், அதற்கும் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், ஒருவழியாகப் படித்தாள். மன்னிக்கவும். உங்கள் தம்பியாக இருக்காது. எங்கள் படகுகள் வலையில் மாட்டி அறுந்திருக்கலாம். சுஐப், சங்கராபுரம்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரோ ஒரு ஆளு மேல அநியாயமா பழி விழுதுன்னு தெரிஞ்சிச்சி. வூடு தேடி வந்து சொல்லியிருக்கணும். இங்க எழுதி வெச்சா போதும்னு இருந்துட்டேன். அன்னிலேருந்து எனுக்கு இந்தக் கை வலிக்குதுக்கா. டாக்டரு கம்ப்யூட்டர் தட்டித் தட்டி வந்ததுன்றாரு."

அவ்வளவு துக்கத்திலும் கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர்நாய் அறுத்த வலைக்கு எத்தனை கைகள் வலியை வாங்கிக்கொண்டு திரிகின்றன. அவன் மணிக்கட்டில் போட்டிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஆவாது போ," என்றாள். அந்த வார்த்தையை யாராவது தனக்குச் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

பேனாவை நீட்டினான். மாத்திரை உறைக்குள் இருந்த வாபஸ் தாளை எடுத்தாள். அதில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது: மனுதாரர் மனமொப்பி வாபஸ் பெறுகிறார். பாறை மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினால் காரியம் முடிந்தது. ஆனால் யாருக்கு ஏற்றுவது? சுஐபுக்கா, நீர்நாய்களுக்கா? எழுதியது யார் மேல் என்று பார்த்தாள். பெயர் அங்கேயே இருந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்த நான் எடுத்துக்கினு போறேன், பாய்."

எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியையும் இந்த இடத்திலிருந்து எடுத்துவிடப் போகிறேன், இங்கே அதுகள் குட்டி போட்டாலும் போடும், ஆள் வரக் கூடாது என்றான் அவன். வரும்போது மணல்திட்டில் நிறுத்தச் சொல்லி, வெங்கடேசனின் வலையைச் சுருட்டிப் படகில் போட்டாள். நீல மிதவைகளை எண்ணிப் பார்க்காமலே எத்தனை என்று அவளுக்குத் தெரியும். அவற்றில் நான்கு அவளுடைய பழைய செருப்பு. கச்சிராயபாளையம் பள்ளிவாசலில் ஜும்மா தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. சுஐப் தன் வண்டியிலேயே அவளையும் வலையையும் தம்பி வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனான். கூட வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

பெரியநாயகி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் வேப்ப நிழலில் நைலான் கட்டில் போட்டு வெங்கடேசன் சாய்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து வலது உள்ளங்கையில் இருந்தது; விரல்கள் அதை மூடாமல் சும்மா மேலே கிடந்தன. அக்காவைப் பார்த்ததும் வாயின் இடது பக்கம் சிரித்தது. அவள் வலையைக் கட்டிலில் போட்டாள். நீர்நாய் கதையை நின்றபடியே சொன்னாள். அவன் இடது கையால் ஓட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டான். கதை முடிந்தது. இனி நின்றால் வாய் வராது என்று நோட்டை விரித்து அவன் மடியில் வைத்துவிட்டு, திரும்பி வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் மெதுவாகப் படிப்பவன். இப்போது இன்னும் மெதுவாக. தெருவில் ஒரு பால்காரர் வண்டி போயிற்று, ஒரு கோழி வந்து வலையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது, வெளியே போ என்றால் போவது என்று அவள் நினைத்திருந்தாள்.

"க்கா."

திரும்பினாள். வார்த்தை ஒவ்வொன்றையும் தேடி எடுத்துச் சொன்னான்.

"நீ கையத்தானே கேட்ட. காலு யாரு கேட்டது?"

கொளஞ்சியம்மாள் கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற நினைப்பில்லாமல் அழுதாள். தப்பு பண்ணிட்டேன்டா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டை மூடித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கூரைச் செருகலைக் கண்ணால் காட்டினான். அங்கே வலை பின்னுகிற ஊசியும் நைலான் நூலும் இருந்தன.

எடுத்து வந்தாள். பாதி வலை அவன் மடியில், பாதி அவள் மடியில். ஓட்டையின் ஒரு ஓரத்தில் நூலை முடிந்து, வலையின் கண்ணுக்குக் கண் கோத்துக்கொண்டு போனாள். வெங்கடேசன் இடது கையால் வலது கையைத் தூக்கி வலைக்கு மேல் வைத்து, வழக்கமாகச் செய்வது போல் கட்டைவிரலை ஒரு கண்ணுக்குள் மாட்டிவிட்டான். வலை நழுவாமல் இருக்க அப்படித்தான் பிடிப்பான். விரல் பிடிக்கவில்லை, வெறுமனே மாட்டியிருந்தது. இவள் ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலை இழுக்க, அந்த இழுப்புக்கு அவன் கட்டைவிரலும் லேசாக ஆடிக்கொடுத்தது. ஏழாவதோ எட்டாவதோ முடிச்சில், இவள் இழுப்பதற்கு முன்பே நூல் ஆடிய மாதிரி இருந்தது. காற்றாக இருக்கலாம். வேப்ப மரத்தை நிமிர்ந்து பார்த்தாள், இலை அசையவில்லை. அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் சந்தேகம். கொளஞ்சியம்மாள் ஊசியை வலைமேல் வைத்தாள். தன் பக்கத்து நூலை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, அவன் பக்கத்து நூலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.